லினக்ஸில் சிஸ்டம்டி வந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாங்குளத்தான்:
நானே தொடங்குகிறேன். 2015 ஓகஸ்ட் விடுமுறை வகுப்பு, ஆறு பழைய கணினி, ஒரு சேர்வர். டெபியன் லினக்ஸை வீசி பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பான ஜெஸ்ஸிக்கு ஏற்றினேன், அதோடு இயந்திரம் எழும்பும்போது சேவைகளைத் தொடக்கிவைக்கும் பழைய இனிட் போய் அந்த வேலைக்குச் சிஸ்டம்டி வந்தது, உங்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்த கிழமை கரண்ட் போய் வந்தது. சேர்வர் திரையில் அந்தச் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடுகின்றன, பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கணக்கு எண்ணுகிறது, முடிந்ததும் எமர்ஜென்சி மோட் என்று நின்று, ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கிறது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "சேர், இது என்னத்தைத் தேடுது?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. சேர்வர் பழுது என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டேன், கனகராயன்குளத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்களையும், அந்த வெயிலில்.

கிளிநொச்சிப் பெடியன்:
அண்ணை, குறை நினைக்க வேண்டாம், அது சிஸ்டம்டியின் பிழை இல்லை, ஏதோ ஒரு டிஸ்கைத்தான் தேடியிருக்கும். இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டாபில் ஒரு டிஸ்கை எழுதினால் அது கட்டாயம் வேண்டும் என்றுதான் அர்த்தம். என் கதை சின்னது: 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் ஒரு கடையின் பில் போடும் சேவை விழ விழச் சிஸ்டம்டி தானே எழுப்பிவிட்டது, ரீஸ்டார்ட் என்று ஒரு வரி எழுதியதோடு சரி. முந்தி அதற்காக நடு இரவில் எனக்கு ஃபோன் வரும்.
இனி நீங்கள் செய்ய வேண்டியது: கழற்றக்கூடிய டிஸ்க் எதுவானாலும் அதன் வரியில் நோஃபெயில் (இல்லாவிட்டாலும் நிற்காதே) என்று போடுங்கள். டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரமான டிவைஸ் டைம்அவுட்டைப் பத்து வினாடியாக்குங்கள். வார் லாக்கின் (/var/log) கீழ் ஜர்னல் என்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள், இல்லாவிட்டால் ஜெஸ்ஸியில் சிஸ்டம்டி எழுதும் பதிவேடான அந்த ஜர்னல் ரீபூட்டோடு போய்விடும், பிறகு எதைப் பார்த்துப் பிழை தேடுவது? சேர்வருக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், பழைய பற்றரியை நம்ப வேண்டாம். பூட் ஆக, அதாவது இயந்திரம் எழும்ப, நேரம் இழுத்தால் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள், எது தாமதிக்கிறது என்று வரிசையாகக் காட்டும். முக்கியமாக, ஏற்றுவதற்கு முன் ரிலீஸ் குறிப்பை முழுதாக வாசியுங்கள்.

ஒட்டுசுட்டான்:
தம்பி, விழுந்ததை எழுப்ப, பழைய இனிட்டின் அமைப்புக் கோப்பான இனிட்டாபில் ரெஸ்பான் வரி எந்தக் காலத்திலேயோ இருந்தது. அண்ணை சொன்னது வேறு. நேற்றுவரை டிஸ்கைக் காணாவிட்டால் ஒரு வரி எழுதிவிட்டுப் போன இயந்திரம் இன்றைக்கு ஏன் நிற்கிறது என்று கேட்கிறார். பழக்கத்தை மாற்றியவர்தானே முதலில் சொல்ல வேண்டும்? நான் 2017 இல், சிஸ்டம்டி இல்லாத டெபியனான டெவுவான் 1.0 வந்ததும் அதற்குப் போனவன். எங்கள் நூலகத்துப் பென்டியத்தில் பூட் ஸ்கிரிப்டைத் திறந்து மேலிருந்து கீழே வாசித்து, பிழையான வரியைக் கையால் திருத்திய அந்த இரவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வாசிக்க முடிந்ததைத்தான் நான் நம்புவேன்.

புதுக்குடியிருப்பு:
நீங்கள் இரண்டு பேரும் இயந்திரத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது ஆட்கள். 2014 பெப்ரவரியில் இனிட்டுக்குப் பதில் எது என்று முடிவு செய்ய டெபியன் தொழில்நுட்பக் குழுவில் எட்டு வாக்கும் சிஸ்டம்டிக்கும் அதன் போட்டியான அப்ஸ்டார்ட்டுக்கும் சரிபாதியாகப் பிரிய, தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்கால்தான் சிஸ்டம்டி வென்றது. அப்புறம் மாதக்கணக்காக மடலுக்கு மடல் சண்டை. நவம்பரில் ஜோயி ஹெஸ் டெபியனை விட்டே போனார், இயன் ஜாக்சன் அந்தத் தொழில்நுட்பக் குழுவிலிருந்து விலகினார். நான் முதன்முதல் லினக்ஸ் ஏற்றிய இன்ஸ்டாலரைக் கட்டியவர்களில் ஜோயி ஒருவர். அந்தக் கிழமை நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழை அறிக்கை எழுதி வைத்திருந்தேன், மொழிபெயர்ப்பில் ஒரு சின்னத் திருத்தம். இவ்வளவு வேலை செய்தவருக்கே இருக்க முடியவில்லை என்றால் நான் எங்கே என்று நினைத்து அனுப்பாமல் மூடிவிட்டேன். இன்றைக்கும் டிராஃப்ட்டில் கிடக்கிறது.

கிளிநொச்சிப் பெடியன்:
அக்கா, அதை இப்பவாவது அனுப்புங்கள். ஒட்டுசுட்டான் அண்ணைக்கு: ரெஸ்பான் மற்றச் சேவை எதற்காகவும் காத்திருக்காது, டேட்டாபேஸ் எழும்ப முன்னமே பில் எழும்பித் திரும்ப விழும், நான் பட்டது அதுதான்.

மாங்குளத்தான்:
தம்பி, நோஃபெயில் எனக்குப் பிறகு தெரிய வந்தது, இப்போது எல்லா இடமும் போடுகிறேன். அது தேடிய யூஎஸ்பி டிஸ்க், பிள்ளைகளின் வேலைகளை நகல் எடுத்துவைத்தது, அன்றைக்கு முழுக்க என் பைக்குள்தான் இருந்தது. செருகியிருந்தால் வகுப்பு நடந்திருக்கும்.