கனடாவில் சீடார் வேலி பழுப்பானவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கோ

மார்க்கம் மூலைவீடு:
பின்வளவு வேலியோரம் முப்பது எமரல்ட் சீடார் (குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கிற வேலி மரம்) வைத்து இரண்டு வருடம். ஆறடி உயரம், விலையைக் கேட்காதீர்கள். "உங்கட முப்பது சீடர்களுக்கும் தண்ணி விட்டாச்சோ?" என்று வீட்டுக்காரி நக்கலடிக்கிற அளவுக்குப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். இந்த ஏப்ரலில் ஸ்நோ கரைந்ததும் போய்ப் பார்த்தால், மேற்கு மூலையில் எட்டு மரம் தேயிலைச் சாயத்தில் நிற்கிறது. காற்றடிக்கிற பக்கம் மட்டும்தான் அப்படி, மறுபக்கம் நல்ல பச்சை.

குளிரில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அது தாகம். மார்ச் வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நிலமோ உறைந்து கிடக்கும், வேரால் குடிக்க முடியாது. நட்டுத் தந்தவர் செப்டெம்பரோடு தண்ணீரை நிறுத்தச் சொன்னார், நானும் நிறுத்திவிட்டேன்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சுள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், சில மரங்களில் தோலுக்கடியில் பச்சை தெரிந்தது. ஜூன் வரை பொறுத்தேன். ஐந்து துளிர்த்தன, மூன்று போயே போச்சு. அந்த மூன்றையும் தோண்டியபோதுதான் விஷயம் விளங்கியது. வேரைச் சுற்றி வந்த சாக்கு அப்படியே இருந்தது, அடித்தண்டில் நைலோன் கயிறு இறுகிக் கிடந்தது. வெளியே களிமண் சொதசொதவென்று ஈரம். உள்ளே வேர்க்கட்டியை மண்வெட்டியால் உடைத்தால் மாவாக உதிர்கிறது. இரண்டு வருடம் நான் ஊற்றிய தண்ணீர் பெரும்பாலும் அதற்குள் போகவே இல்லை.

தேத்தண்ணி அக்கா, ஸ்காபுரோ:
தம்பி, உங்களுடையது உண்மையான வருத்தம். நான் வருத்தமே இல்லாததற்கு வைத்தியம் பார்த்தவள். வீடு வாங்கிய முதல் ஒக்டோபரில் மரத்துக்குள்ளே, தண்டை ஒட்டின இலையெல்லாம் பழுப்பு. பூஞ்சண மருந்து, உரம் என்று எண்பது டொலர் போனது. இரண்டு கிழமையில் அந்த இலைகள் தாமாகவே கொட்டிவிட்டன, நுனியெல்லாம் பச்சைப் பசேல். பழைய இலையைக் கழிக்கிறது, அவ்வளவுதான். தென்னை காவோலையைக் கழற்றினால் நாங்கள் மருந்தா அடித்தோம்? இப்போது இலையுதிர் காலத்தில் கையால் உலுப்பிவிட்டு நடந்துவிடுவேன்.

கதியால்:
என் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊரில் கிளுவை வேலிக்கு நடுவே வளர்ந்தவன். கிளுவையை எப்படி வெட்டினாலும் தழைக்கும், வெட்டின தடியை ஊன்றினால் அதுவும் தழைக்கும். அந்தத் துணிவில் பிரம்ரன் வீட்டுச் சீடாரின் பழுப்புப் பக்கத்தை மெசினால் கட்டை தெரிய வழித்துவிட்டேன். இரண்டு மாதத்தில் மூடிவிடும் என்று மனைவிக்கு வாக்கும் கொடுத்தேன்.

ஆறு வருடமாகிறது, இன்னும் மூடவில்லை. சீடார் பச்சை இருக்கும் கொப்பிலிருந்துதான் துளிர்க்கும், இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரின் பார்பிகியூ அடுப்பு தெரியும், அவருக்கு எங்கள் கொடியில் காயும் சாரம் தெரியும். பச்சைக்குள்ளே மட்டும் வெட்டுங்கள். பழுப்பைக் கண்டதும் கத்தரிக்கோலைத் தூக்க வேண்டாம்.

மிசிசாகா வாசி:
எங்கள் வேலியில் பழுப்பு நுனியில் மட்டும் வந்தது, மரம் முழுக்கச் சிதறலாக. ஒரு நுனியைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இலை வெறும் கூடு, உள்ளே குடைந்த வழியும் கரும்பொட்டாக அதன் எச்சமும். பிரித்தால் அரிசியிலும் சின்னதாக ஒரு பச்சைப் புழு. இலைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கிற ஆள். ஜூன் நடுவில் சின்ன அந்துப்பூச்சியாக வெளியே வந்து அடுத்த முட்டையை இடும். அதனால் மே மாதத்திலேயே பழுத்த நுனிகளை நறுக்கிப் பையில் கட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் பாதிக்கு மேல் குறைந்தது. மருந்து அடிக்கவில்லை. அந்தப் புழுவைத் தின்னும் குளவிகளும் உண்டு, மருந்தடித்தால் அவையும் சேர்ந்து போகும்.

இலை மங்கி, புள்ளி புள்ளியாக வெளுத்தால் வேறு கதை. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொப்பைத் தட்டுங்கள். தூசி நடந்தால் அது சிலந்திப்பேன்.

அஜக்ஸ் பெடியன்:
எங்கள் வீட்டில் நடைபாதை மூலை மரத்தில் கீழ் ஒரு அடி மட்டும் பழுப்பு. காரணம் தெருவில் உலாவுகிற நாய்கள். வேறொன்றுமில்லை. ரோட்டோர மரங்களுக்கு, குளிர்காலத்தில் ஐஸ் கரைய ரோட்டில் போடுகிற உப்பின் தெறிப்பும் உண்டு.

ஓய்வுபெற்ற மாமா:
பிள்ளைகளே, வேலிக்கு நாங்கள் வைக்கிறது வேதாகமத்தில் வரும் லெபனோன் கேதுரு இல்லை. அது பைன் குடும்பம், இது சைப்பிரஸ் குடும்பம். இதற்கு 'உயிர்மரம்' என்று பொருள்படும் பெயரும் உண்டு. 1535-36 குளிர்காலத்தில் கியூபெக்கில் பிரெஞ்சுக் கடலோடி கார்ட்டியேயின் ஆட்கள் ஸ்கர்வியில் (விற்றமின் சி குறைவால் வரும் நோய்) செத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த பூர்வகுடிகள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அது இந்த மரம்தான் என்று பலர் கருதுகிறார்கள். (நீங்கள் அவித்துக் குடிக்க வேண்டாம், அளவு மீறினால் நஞ்சு.)

நயாகராச் செங்குத்துப் பாறை இடுக்குகளில் ஆயிரம் வருடம் தாண்டிய சீடார்கள் நிற்கின்றன. மண்ணே இல்லாத இடத்தில் நிற்கிற மரத்துக்கு நாங்கள் உரம் உரமாகக் கொட்டுகிறோம். முதல் இரண்டு மூன்று வருடத் தண்ணீரைத்தான் கோட்டை விடுகிறோம்.

மார்க்கம் மூலைவீடு:
மாமா, உரம் இந்த வருடம் போடவில்லை. போன மாதம் மூன்று புதுக் கன்று வைத்தேன். நைலோனை வெட்டி எறிந்தேன், சாக்கைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டேன். ஹோஸ் பைப்பை மெல்லிசாகத் திறந்து ஒவ்வொரு மரத்தடியிலும் அரைமணி நேரம் விடுகிறேன், நிலம் உறையும்வரை விடுவேன். மேற்குப் பக்கம் தடி ஊன்றி, இலையில் முட்டாமல் சாக்கு மறைப்பும் கட்டியாயிற்று. மரப்பொடியை அடித்தண்டில் குவிக்காமல் சுற்றிவர மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினேன்.

புதுசு மூன்றும் நாலடிதான். மற்ற இருபத்தேழும் எட்டடியைத் தொடுகின்றன. நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. அம்மா ஜன்னலால் பார்த்துவிட்டு, "அந்த இடத்தில ரெண்டு கிடுகைக் கட்டிவிடன்" என்கிறா.