உங்கள் மாடித்தோட்டக் குழுவில் இன்னும் மறக்க முடியாத ஒரு பதில் எது?

கொளத்தூர் சுரைக்கொடி
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அப்போது நம் குழுவில் நாற்பது பேர்கூட இல்லை. என் சுரையில் பிஞ்சு வரும், நாலே நாளில் மஞ்சளாகி விழும். பதினோரு பிஞ்சு போன பிறகு படம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். "ஆண் பூ எது, பெண் பூ எதுன்னுகூடத் தெரியாம எதுக்குக் கொடி போடறீங்க?" என்று ஒருவர். கீழே சிரிக்கும் எமோஜிகள் வரிசையாக. கொடியைப் பிடுங்கிவிடலாம் என்று மாடிக்குப் போனேன்.

அப்போதுதான் பெரம்பூர் ஐயா போன் செய்தார். அதற்கு முன் பேசியதே இல்லை. "மாடியிலதானே இருக்கீங்கம்மா? மணி ஆறரை, பூ விரியிற நேரம். வீடியோவுல காட்டுங்க" என்றார். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். சுரைப்பூ அந்தியில்தான் விரியும், அந்நேரம் தேனீ கூடு திரும்பிவிடும், மகரந்தம் சேராமல்தான் பிஞ்சு விழுகிறது, அதனால் ஆண் பூவை நாம்தான் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும் என்று சொன்னார். ஆண் பூவைப் பறித்து, வெள்ளை இதழ்களைக் கிள்ளிப் போட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் வைத்தேன். மகள் போனைப் பிடித்திருந்தாள். என் கை நடுங்கியது. "அவசரமே இல்லம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

அந்தப் பிஞ்சு விழவில்லை. காய் அவருக்குத்தான் என்று அன்றே நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று போகாமலே விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் அவர் குழுவில் இல்லை, பழைய எண்ணும் போகவில்லை.

மடிப்பாக்கம் கீரை
அந்த எமோஜிகளில் ஒன்று நான் போட்டது. பழைய போனோடு எல்லாச் செய்தியும் போய்விட்டது, ஆனால் அந்த வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மன்னித்துவிடுங்கள், அக்கா.

என்னுடையது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கீழே தெருவில் தண்ணீர், மேலே நிழல்வலை கிழிந்து செடி வளர்க்கும் க்ரோ பேக் எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துத் தெருக்களில் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, என் கத்தரி போச்சு என்று யாரிடம் சொல்வது? குழுவில் மூச்சே விடவில்லை. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்து நின்றார். குழுவுக்குப் புதுசு, அவர் எதைப் போட்டாலும் நாங்கள் திருத்திக்கொண்டே இருப்போம். பையில் செய்தித்தாள் பொட்டலங்கள், உள்ளே ஈரத் தேங்காய் நாரில் சுற்றிய நாற்றுகள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் எழுதியிருந்தார்: "அண்ணன் கத்தரி", "அண்ணன் மிளகாய்". "உங்க படம் ஒரு மாசமா வரலையேன்னு பார்த்தேன்" என்றார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அம்பத்தூர் வெண்டை
ஐயா நல்ல மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பேச்சு "எல்லோரும் இனிமையாகப் பேசுங்கள்" என்று முடிந்துவிடக் கூடாது. அவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகவில்லை, காரணத்தைச் சொன்னார்.

என் தக்காளி மே மாதம் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கொட்டியது. ஒரு வாரம் தினமும் படம் போட்டேன். "அருமை", "சூப்பர்", "மனம் தளராதீங்க". பகலில் 38, 40 டிகிரி, ராத்திரியும் சூடு தணியாது, இந்த வெயிலில் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரத்தான் செய்யும், ஆடிக்கு மேல் போடுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சத்துக் குறைவு என்று நினைத்து நான் உரத்தைக் கொட்டி, நன்றாக இருந்த செடிகளையும் கருக்கினேன். தெரிந்தும் சொல்லாமல் "சூப்பர்" போட்டவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

போரூர் செம்பருத்தி
வெண்டை அண்ணா, காரணத்தைச் சொல்லுகிற விதமும் இருக்கிறதே. செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று படம் போட்டேன். "தூக்கிப் போடுங்க" என்று ஒரே பதில். போட்டுவிட்டேன். அம்மா வீட்டிலிருந்து குச்சி கொண்டுவந்து வளர்த்த செடி அது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், இன்னொருவர் தூக்கிப் போடக் கூடாது. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், பாதி அதிலேயே போய்விடும். ரொம்பப் பிடித்த நுனியை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மாடியிலேயே விடாதீர்கள். 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புத் திரவத்தோடு நன்றாகக் கலக்கி, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றுங்கள், சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். சாயங்காலம் மட்டும், இலைக்கு அடியிலும் கணுவிலும் படும்படி. வாரம் ஒரு முறை, மூன்று நாலு வாரம் விடாமல். அப்புறம் எறும்பைப் பாருங்கள். பூச்சி விடும் இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் இருக்கும், எறும்பை விட்டுவைத்தால் பூச்சி திரும்ப வரும். இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது செடி போன பிறகு.

கொளத்தூர் சுரைக்கொடி
கீரைத் தம்பி, சரி, விடுங்கள். நீங்களாக வந்து சொன்னதே போதும். வெண்டை அண்ணா சொல்வதும் சரிதான், ஐயா அன்று என்னை ஒரு வார்த்தைகூடப் பாராட்டவில்லை. பூ எது என்று காட்டினார், முடியும்வரை இருந்தார்.

பெரம்பூர் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இந்த முறை கொடியில் ஒரு காயைப் பறிக்காமல் முற்ற விட்டிருக்கிறேன். விதையாவது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.