சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பாரா?

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான சுவர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று வீட்டில் ஒரு கட்சி. இருப்பதைச் சரிசெய்தால் போதும் என்பது என் கட்சி. இத்தனை செங்கல்லைப் புதிதாகச் சுட எவ்வளவு விறகு எரியும்!

நாலு வருடம் முன்பு ஹால் சுவர் உதிர்ந்தபோது ஒரு கொத்தனார் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். முதல் மழைக்காலம் வரைதான் அழகு. இப்போது முழங்கால் உயரம் வரை கொப்பளித்து, நகத்தால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமென்ட் அதை அடைத்துவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது. சிமென்ட் படாத பூஜை அறைச் சுவருக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருக்கிறார்களா? நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கே வாங்கலாம்? கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை உள்சுவர் கலவைக்கும் சேர்க்க வேண்டுமா, மொட்டை மாடிக்கு மட்டும் போதுமா? சிமென்ட்டைக் கொத்தி எடுத்தவர்கள் சுவரை எத்தனை நாள் காயவிட்டீர்கள்? ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைப் பெயின்ட் கடைக்காரரே இரண்டு முறை சொல்லிவிட்டார்.