மேலத்தெரு சொந்தங்கள்: ரிசப்ஷன் பாட்டு

விஜி அத்தை: கார்த்தி, மண்டபத்துல கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன்ல உன் பேண்ட் பசங்க என்ன பாட்டு வாசிக்கிறாங்க?

கார்த்தி: ஸ்வீட் ட்ரீம்ஸ், ப்ளூ மண்டே, என்ஜாய் த சைலன்ஸ். மூணும் மெட்டல் வெர்ஷன்

ராமு பெரியப்பா: மெட்டலா? நாச்சியார்கோயில்ல சொன்னா குத்துவிளக்கா வார்த்துக் குடுத்துடுவாங்களே

சுதா: 😂😂

பிரபு: அந்த மெட்டல் இல்ல பெரியப்பா, கனமான ராக் இசை. சிந்தசைசர் (எலக்ட்ரானிக் கீபோர்டு) பாட்டைக் கிடாருக்கு மாத்துறது. ஸ்வீட் ட்ரீம்ஸ் 1983, யூரித்மிக்ஸ். 1995ல மர்லின் மேன்சன் வேகத்தைக் குறைச்சு இழுத்துப் பாடினார். கார்த்தி, கிடார்ல முழு கார்டு (மூணு சுரமும் சேத்து) பிடிக்காதீங்க. டிஸ்டார்ஷன் (ஒலியை முரடாக்குற எஃபெக்ட்) போட்டதும் காந்தாரம் மத்த சுரத்தோட மோதி கரகரன்னு குழம்பும். சட்ஜமம், பஞ்சமம் போதும். காந்தாரத்தைப் பாடுறவன் குரல் குடுத்துக்கும். ஆறாவது கம்பியை ஈ-லேருந்து டி-க்கு இறக்கினா அந்த ரெண்டு சுரமும் ஒரே விரல்ல வந்துடும்

கார்த்தி: இறக்கியாச்சு. தந்தி தொளதொளங்குது

பிரபு: தடிச்ச தந்தி மாத்து. 46 இருந்தா 52 போடு

முருகன் சித்தப்பா: அறுப்பு மெஷின் யாருக்காவது கிடைச்சுதா? குறுவை சாஞ்சு கிடக்கு

ராமு பெரியப்பா: ஆடுதுறைல கேளு

பிரபு: ப்ளூ மண்டேதான் வம்பு. நியூ ஆர்டர் 1983ல டிரம் மெஷின்ல பண்ணது. 1998ல ஆர்ஜி கிடார்ல எடுத்தாங்க. நிமிஷத்துக்கு 130 தாளம். ஆரம்பத்துல பாஸ் டிரம் படபடன்னு ஓடுற இடம் தாளத்துக்கு நாலு அடி, செகண்டுக்கு எட்டரை அடிக்கு மேல. ஒத்தை பெடல்ல கால் தாங்காது. அந்த இடத்தை மட்டும் சாம்பிள் பேட்ல (பதிஞ்ச ஒலியை ஓட்டுற கருவி) விடு, டிரம்மருக்குக் காதுல க்ளிக் (தாளம் காட்டுற டிக்-டிக்) குடு. இல்லைன்னா பேட் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போவாங்க

கார்த்தி: பேட் இல்லண்ணா

சுதா: அப்ப அந்தப் பாட்டை விடு

கார்த்தி: அதான் பொண்ணு கேட்ட பாட்டு

விஜி அத்தை: ஓஹோ

பிரபு: என்ஜாய் த சைலன்ஸ் எளிது. டெபேஷ் மோட், 1990. மார்ட்டின் கோர் முதல்ல போட்டது மெதுவான பாட்டு, ஆர்மோனியம் வச்சு. வேகம் அப்பறம் ஏத்தினது. லக்கூனா காயில் 2006ல மெட்டலாக்கினாங்க. நீங்க ஆர்மோனியத்துலயே ஆரம்பிச்சு கிடாருக்குப் போகலாம்

ராமு பெரியப்பா: ஆர்மோனியமா? அப்பா வச்சிருந்த பெட்டி எங்க?

முருகன் சித்தப்பா: 🤐

விஜி அத்தை: என் வீட்டுப் பரண்ல. நான் தூக்கிட்டு வரலை, அம்மாவே குடுத்தது

ராமு பெரியப்பா: யாரு கேட்டா

பிரபு: அத்தை, துருத்தி கிழிஞ்சிருக்கான்னு பாருங்க. கார்த்தி, பழைய பெட்டி சுருதி ட்யூனரோட ஒத்துப் போகாது. பெட்டியை மாத்த முடியாது, கிடாரைப் பெட்டிக்குச் சேர்த்துக்க. கிடார் ஆம்ப் ரெண்டையும் ஒரே ப்ளக் போர்டுல போடு. சீரியல் லைட் லைன்ல போட்டா உய்ய்ய்னு இரையும்

முருகன் சித்தப்பா: ஆடுதுறைல ஃபோன் எடுக்கலை

சுதா: ரிசப்ஷன்ல கேசரியா, அசோகாவா?

ராமு பெரியப்பா: அசோகா

விஜி அத்தை: மண்டபத்துக்கு என்ன சொல்ல?

கார்த்தி: ரெண்டு பாட்டுன்னு சொல்லுங்க. மூணும் வரலாம்

ராமு பெரியப்பா: பெட்டியை நானே வந்து எடுத்துக்கறேன்

விஜி அத்தை: கார்த்தி வந்தா குடுக்கறேன்