‘ஹோஸ்டிங்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும்: நாளை அச்சு

மார்த்தாண்டம், பயிற்சி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தேன் விற்பவர்கள், தோவாளைப் பூ வியாபாரிகள், வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் ஆகியோருக்கு இணையதள வகுப்பு தொடங்குகிறது. கையேடு நாளை மாலை அச்சகம் போக வேண்டும். ‘டொமைன்’ என்பதற்குத் ‘தளப்பெயர்’ என்று எழுதிவிட்டேன். ‘ஹோஸ்டிங்’தான் இழுக்கிறது. பெயருக்கு ஒரு கட்டணம், தளத்தின் கோப்புகளை எந்நேரமும் இயங்கும் கணினியில் வைத்திருக்க வேறொரு கட்டணம் என்பது சொல்லிலேயே விளங்க வேண்டும். இரண்டும் ஒன்றென்று எண்ணிப் பெயரைப் புதுப்பிக்காமல் இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
அம்மா, ‘வலையோம்பல்’ இருக்கத் தேடுவானேன்? விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். ஓம்புதல் என்றால் பேணிக் காத்தல்.

தக்கலை, இணையதளம் அமைப்பவர்:
ஐயா, ‘அல்லது செய்தல் ஓம்புமின்’ (தீயது செய்வதைத் தவிருங்கள்) என்ற புறநானூற்று வரியில் ஓம்புதல் என்பது தவிர்த்தல் அல்லவா? மேலும் விருந்தாளி காசு கொடுப்பதில்லை. இவர்கள் ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுப்போம். ‘தளப்பாட்டம்’ என்று வையுங்கள்.

நாகர்கோவில்:
தம்பி, சோழர் கல்வெட்டுகளில் பாட்டம் என்பது வரி. தட்டார்களிடம் வாங்கியது தட்டார்ப்பாட்டம், மீன்பாட்டமும் உண்டு. வடசேரித் தட்டாரிடம் போய்த் தளப்பாட்டம் கட்டச் சொல்லலாமா? இன்னொன்று: திருவிதாங்கூரில் 1865ஆம் ஆண்டுப் பண்டாரப்பாட்டப் பிரகடனம் அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கே அதை உரிமையாக்கியது. நம் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களும் அன்று அந்த ஆட்சியில்தான் இருந்தன. எத்தனை ஆண்டு கட்டினாலும் ஹோஸ்டிங் நமக்குச் சொந்தமாகுமா?

தக்கலை:
ஆகாது. தளப்பெயரும் அப்படித்தான், ‘.காம்’ பெயரை ஒரு தடவைக்கு 10 ஆண்டுகளுக்குமேல் பதிய முடியாது. ஆனால் பாட்டம் எங்கள் மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் சொல். தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு, அதாவது வட்டாரச் சொல்லுக்கு, இடம் தந்தார். அச்சொற்கள் வழங்கும் இடங்களாக உரையாசிரியர்கள் எண்ணும் பன்னிரு நிலங்களில் நம் பகுதியின் பழம்பெயரான வேணாடும் உண்டு.

குளச்சல், நேந்திரங்காய் உப்பேரி வியாபாரி:
ஐயா, அண்ணாச்சி, இருவருக்கும் வணக்கம். கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று, கடை இருக்கும் கட்டடத்துக்கு வாடகை ஒன்று. எனக்கு அப்படிச் சொன்னபோதுதான் விளங்கியது. ‘தளவாடகை’ போதாதா? என் தளத்தைச் செய்து தந்தவர் தளப்பெயரைத் தம் கணக்கிலேயே பதிந்துவிட்டார். அதை மீட்க நான் பட்ட பாடு பெரிது. எந்தச் சொல் வைத்தாலும் ‘பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

நாகர்கோவில்:
வாடகை வடமொழி வழி வந்தது என்பார்கள். வாடகை என்றால் இடம் மட்டும்தான். கோப்புகளைக் காப்பதும் கேட்டவருக்கு எடுத்து வழங்குவதும் அதில் எங்கே இருக்கிறது?

மார்த்தாண்டம்:
ஐயா சொல்லும் குறை உண்மைதான். ஆனால் கட்டணப் பட்டியலில் அவர்கள் பார்க்கப்போவது ‘ஹோஸ்டிங்’ என்ற சொல்லை. ஆகவே ‘தளவாடகை (ஹோஸ்டிங்)’ என்று போடுகிறேன். தனி மடலில் எழுதிய பலரும் இதையே சொன்னார்கள். குளச்சல் அண்ணாச்சி கேட்ட வரி முதல் பக்கத்தில் வருகிறது.

தக்கலை:
வகுப்பில் நான் பாட்டம் என்றுதான் சொல்லப்போகிறேன், அக்கா.

நாகர்கோவில்:
அடுத்த பதிப்புக்கு ஓம்பல் பற்றித் தனியாக எழுதி அனுப்புகிறேன். ‘ஓம்புமின்’ என்ற ஒரு சான்றை வைத்து அதைத் தள்ளியதை நான் ஏற்கவில்லை.