சிறுவர் பாதுகாப்புக் கோவைகளில் ஒரு பிள்ளைக்கு ஒரே எண்: எப்படி அமைப்பது?

உப்பாறு (திருகோணமலை) கேட்டது:

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் சிறுவர் பாதுகாப்பு விடயங்களுக்கு ஒரு கூட்டுப் பதிவேடு தயாராகிறது. முதலில் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகள்: பட்டணமும் சூழலும், கிண்ணியா, மூதூர், வெருகல். சரிவந்தால் மற்ற ஏழு பிரிவுகளும் சேரும்.

இப்போது ஒரே பிள்ளை ஐந்து இடத்தில் ஐந்து எண்ணோடு இருக்கிறது. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் ஒரு கோவை, நன்னடத்தை அலுவலகத்தில் இன்னொரு கோவை, பொலிஸில் முறைப்பாட்டு எண், நீதிமன்றத்தில் பி அறிக்கை (பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) எண், வைத்தியசாலையில் விடுதி எண். இவை ஒரே பிள்ளையைப் பற்றியவை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

கூட்டத்தில் வந்த யோசனை இது: பிரிவின் முதலெழுத்து, பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, சம்பவ வகை, தொடர் எண். அதாவது "மூ-2014-பெ-பா-037" என்ற மாதிரி. பார்த்தவுடனே விளங்கும் என்கிறார்கள். இது சரியா? பிறப்புப் பத்திர எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ அப்படியே எடுத்தால் என்ன? சந்தேக நபருக்கும் எண் கொடுக்க வேண்டுமா? இணையம் கிடைக்காத இடத்தில் யார் எண் வழங்குவது?

கொட்டியாரம்:

பார்த்தவுடனே விளங்குவதுதான் அந்த வடிவத்தின் கேடு. கோவையின் முதுகில் "மூ-2014-பெ-பா" என்று எழுதியிருந்தால், மேசையைக் கடந்து போகிறவருக்கும் அது மூதூர்ப் பக்கத்தில் 2014இல் பிறந்த பெண்பிள்ளை, பாலியல் விடயம் என்று தெரிந்துவிடும். சின்ன ஊரில் அதற்குமேல் பெயர் தேவையில்லை.

இரண்டாவது பிரச்சினை, அந்த எண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் மாறக்கூடியது. பிள்ளை மூதூரிலிருந்து பெரியம்மா வீட்டுக்குக் கிண்ணியா போகும். உத்தேச வயதுச் சான்றிதழில் 2014 என்று இருந்தது, பிறகு கிடைத்த பத்திரத்தில் 2012 ஆகும். பாடசாலை இடைவிலகல் என்று திறந்த கோவை மூன்று மாதத்தில் துஷ்பிரயோகமாக மாறும். அப்போது எண்ணை மாற்றினால் பழைய கடிதங்கள் அநாதையாகும், மாற்றாவிட்டால் எண் பொய் சொல்லும். எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருக்கக்கூடாது. வயது, பால், பிரிவு, சம்பவ வகை எல்லாம் உள்ளே தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும்.

அடையாள அட்டை எண் பிள்ளைகளுக்குப் பயன்படாது. 15 வயதுக்குப் பிறகுதான் அட்டை. அதோடு 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணைப் படிப்பவர் வயதையும் பாலையும் படித்துவிடுகிறார். பிறப்புப் பத்திரம் எல்லாப் பிள்ளையிடமும் இல்லை. 2004 சுனாமியிலும் 2006 இடப்பெயர்விலும் பத்திரங்களை இழந்த பெற்றோர் இந்தக் கரையில் இருக்கிறார்கள், அவர்களது பிள்ளைகளின் பதிவும் சில இடங்களில் பிந்தித்தான் நடந்தது. அந்த எண்களை வெளி எண்களாகச் சேமியுங்கள், தேடலுக்கு உதவும். பிள்ளையின் எண்ணாக ஆக்கவேண்டாம்.

நான் சொல்லும் வடிவம்: ஆறு இலக்கம், அதன் பின் ஒரு சரிபார்ப்பு இலக்கம் (அந்த ஆறிலிருந்தே கணக்கிடுவது, எழுதும்போது வரும் பிழையைப் பிடிக்க). எழுத்தே வேண்டாம், ஏனென்றால் கந்தளாயில் சிங்களத்திலும் மூதூரில் தமிழிலும் வைத்தியசாலையில் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். இலக்கங்கள்தான் மூவருக்கும் ஒன்று. முதல் இலக்கம் பூச்சியமாக வரக்கூடாது, எக்ஸெல் அதை விழுங்கிவிடும். அப்படியானால் 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண்கள்.

சரிபார்ப்பு இலக்கம் கணக்கிடுவது இப்படி. எண் 482915 என்று வையுங்கள். இடமிருந்து வலமாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள்: 28, 48, 10, 36, 3, 10. கூட்டினால் 135. 11 ஆல் வகுக்க மீதி 3. 11இலிருந்து 3 போக 8. ஆகவே எண் 482-915-8. மீதி 0 வந்தால் சரிபார்ப்பு இலக்கமும் 0. மீதி 1 வந்தால் 10 ஆகிவிடும், அந்த ஆறு இலக்க எண்ணையே ஒதுக்கிவிடுங்கள். பதினொன்றில் ஒன்று போகும், நட்டமில்லை. இனி யாராவது தொலைபேசியில் 842-915-8 என்று மாற்றிச் சொன்னால் கூட்டு 139, மீதி 7, சரிபார்ப்பு இலக்கம் 4 ஆக வேண்டும், 8 என்று இருக்கிறது, கணினி ஏற்காது. ஒரு இலக்கம் பிழைத்தாலும் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்த முறை தவறாமல் பிடிக்கும். இல்லாவிட்டால் அந்தப் பிழை இன்னொரு பிள்ளையின் கோவையில் போய் விழும்.

எண் வழங்குவது பற்றி: ஒவ்வொரு அலுவலகமும் தானே எழுந்தமானமாக ஒரு எண்ணை உருவாக்க விடாதீர்கள். 9 லட்சம் பெரிதாகத் தெரியும், ஆனால் சுமார் 1,100 பதிவுகளிலேயே எங்காவது இரண்டு பேருக்கு ஒரே எண் விழுந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மாவட்ட மட்டத்தில் ஒரே தடவையில் முழுப் பட்டியலையும் உருவாக்கி, வரிசையைக் கலைத்து, அதிலிருந்து பிரிவுக்கு 500 எண்கள் ஒட்டுத்தாளில் அச்சடித்துக் கொடுங்கள். கலைக்காமல் வரிசையாகக் கொடுத்தால் எண்ணைப் பார்த்தே பிரிவைச் சொல்லிவிடலாம். ஒரு எண் மூன்று தடவை அச்சாகட்டும்: கோவைக்கு ஒன்று, பெயர்ப் பதிவேட்டுக்கு (எந்த எண் யாருடையது என்று காட்டுவது) ஒன்று, முதல் பாரப்படுத்தல் படிவத்துக்கு (பிள்ளையின் விடயத்தை வேறு அலுவலகத்துக்கு அனுப்பும் படிவம்) ஒன்று. இணையமே இல்லாமல் வெருகலில் இருந்துகொண்டு கோவை திறக்கலாம்.

வெண்கடல்:

கொட்டியாரம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் எண்ணின் வடிவத்தைவிட, அது எதைக் குறிக்கிறது என்பதில்தான் அதிகமான பதிவேடுகள் கெட்டுப்போகின்றன.

ஆளுக்கு ஒரு எண், சம்பவத்துக்கு வேறொரு எண். 9 வயதில் அடிகாயத்தோடு வந்த பிள்ளை 13 வயதில் பாடசாலை விட்ட பிள்ளையாக வரும். ஆள் எண் அதேதான், சம்பவ எண் இரண்டு. பழைய சம்பவம் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தானே இந்த வேலையெல்லாம்.

ஆள் எண்ணில் "பாதிக்கப்பட்டவர்", "பெற்றோர்", "சந்தேக நபர்" என்ற எதுவும் ஒட்டக்கூடாது. அந்தப் பங்கு ஆளுக்கும் சம்பவத்துக்கும் இடையிலான இணைப்பில் நிற்கவேண்டும். 16 வயதுத் தாய் ஒரு சம்பவத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளை, தன் குழந்தையின் கோவையில் பராமரிப்பாளர். அவளுக்கு இரண்டு எண் கொடுத்தால் அவளும் ஒரு பிள்ளைதான் என்பது குழந்தையின் கோவையைத் திறப்பவருக்குத் தெரியாமல் போகும். சந்தேக நபருக்கும் எண் வேண்டும், அதே வகை எண்தான். வேறு வீட்டில், வேறு பிரிவில் அதே ஆள் மீண்டும் வந்தால் பிடிபட அதுவே வழி. அவர் பெயரை யார் பார்க்கலாம் என்பதை மட்டும் இறுக்கிக் கட்டுப்படுத்துங்கள். முறைப்பாடு என்பது தீர்ப்பல்ல.

அடையாளம் தெரியாத ஆள் விடயத்தில் மிகக் கவனம். "தெரியாதவர்" என்று ஒரே பொது எண்ணை வைத்தால் நிலாவெளிச் சம்பவமும் தோப்பூர்ச் சம்பவமும் ஒரே ஆள் செய்ததுபோல அறிக்கையில் வரும். ஒவ்வொரு தெரியாதவருக்கும் புது எண். பிறகு யாரென்று தெரிந்தால் இணைக்கலாம். பெயரிடாத கைக்குழந்தைக்கும் அப்படியே.

குடும்ப எண்ணை ஆள் எண்ணுக்குள் நுழைக்காதீர்கள். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் பிள்ளை அம்மம்மா வீட்டுக்கு மாறும், தகப்பன் மறுமணம் செய்வார். இன்னார் இன்னாருக்கு என்ன உறவு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று தனி அட்டவணையில் வையுங்கள்.

எண் கொடுக்கமுன் தேடுவது கட்டாயம். பிள்ளையின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிண்ணியாவில் "பாத்திமா" என்று தொடங்கும் பெயர்களே பக்கம் பக்கமாக வரும். இரண்டாம் பெயரால் தேடுங்கள். முகம்மது, முஹம்மட், மொகமட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். தமிழ்ப் பெயர்களுக்குத் தேடலுக்கென்றே ஒரு சுருக்க வடிவம் வைத்தால் நல்லது: ல, ள, ழ ஒன்றாக; ர, ற ஒன்றாக; ந, ன, ண ஒன்றாக; ஸ, ஷ, ச ஒன்றாக; குறில் நெடில் வேறுபாடு இல்லாமல். வீட்டில் கூப்பிடும் பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும். பக்கத்து வீட்டார் 1929க்கு (சிறுவர் உதவித் தொலைபேசி) அழைத்தால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

பெயர், தாயின் பெயர், பிறந்த ஆண்டு (இரண்டு ஆண்டு முன்பின்), கிராம அலுவலர் பிரிவு, ஏதாவது ஒரு வெளி எண் (பாடசாலைச் சேர்விலக்கம், தாயின் அடையாள அட்டை) ஆகிய ஐந்தில் மூன்று பொருந்தினால் உத்தியோகத்தர் கோவையைத் திறந்து ஒப்பிடட்டும். பிறந்த திகதி முழுமையாகப் பொருந்துவதை அதிகம் நம்பாதீர்கள், நாள் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். திகதிக்குப் பக்கத்தில் "பத்திரப்படி / ஆண்டு மட்டும் / உத்தேசம்" என்ற கட்டம் இருக்கவேண்டும்.

கணினி தானாக இணைக்கவே கூடாது. இரட்டையர்களுக்கு ஐந்தில் நான்கு பெரும்பாலும் பொருந்தும்.

உப்பாறு:

மிக்க நன்றி கொட்டியாரம் அண்ணா, வெண்கடல் அக்கா. முதலெழுத்து வடிவத்தைக் கைவிடும்படி கூட்டத்தில் சொல்கிறேன். இன்னும் ஒரு சிக்கல்: பழைய பதிவுகள் எக்ஸெலில் இருக்கின்றன. சில பாமினி என்ற பழைய எழுத்துருவில், சில யூனிகோடில். ஒரே பிள்ளை இரண்டு மூன்று வரிகளில் இருப்பதும் தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

கொட்டியாரம்:

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுங்கள், பூட்டி வையுங்கள். வேலை பிரதியில்.

பாமினியில் அடித்தது திரையில்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் தேடினால் அந்தப் பிள்ளை இல்லை என்றே வரும், உடனே புது எண் கொடுத்துவிடுவார்கள். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியபின் கண்ணால் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று, கால் (ா) வரவேண்டிய இடத்தில் "ர" அடித்திருப்பார்கள். மற்றது "கௌரி": சிலர் ஒற்றைக்கொம்பும் (ெ) "ள"வும் சேர்த்து "கெளரி" என்று அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கும் "கொ"வை யூனிகோட் சீராக்கம் (ஒரே எழுத்தின் வேறுபட்ட உள்வடிவங்களை ஒன்றாக்கும் கணினிச் செயல்) சேர்த்துவிடும், ஆனால் இந்த "ள"வை அது திருத்தாது. கைவேலைதான்.

அடையாள அட்டை எண் நிரல் "உரை" வடிவில் இருக்கிறதா பாருங்கள். 12 இலக்கம் சாதாரண கலத்தில் விழுந்தால் அடுக்குக்குறி வடிவில் (2.01E+11 போல) சுருங்கித் தெரியும். அந்த நிலையில் வேறு வடிவக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் என்று உறுதியானால் முந்திய எண் நிலைக்கட்டும். மற்றதை அழிக்காதீர்கள், "ஓய்வு, பார்க்க 482-915-8" என்று குறித்து வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போன கடிதத்தில் அந்த எண்தான் இருக்கும். யார், எந்தத் திகதியில், எந்த ஆதாரத்தில் இணைத்தார் என்று ஒரு வரி. இரண்டு உத்தியோகத்தர் ஒப்பமிடவேண்டும். பிரிக்கவும் முடியவேண்டும், ஆகவே எந்தத் தாள் எந்த எண்ணின்கீழ் வந்தது என்பது அழியக்கூடாது. சந்தேகம் என்றால் இணைக்கவேண்டாம். ஒரு பிள்ளை இரண்டு கோவையில் இருந்தால் பாதித் தகவல் கைக்கு எட்டாது. இரண்டு பிள்ளைகள் ஒரு கோவையில் இருந்தால் ஒருத்தியின் மருத்துவ அறிக்கையை வைத்து மற்றவளை எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

பாலையூற்று:

பெயர்ப் பதிவேடு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எண்ணையும் பெயரையும் சேர்த்துக் காட்டுவது அது ஒன்றுதான். கோவை அலுமாரியிலேயே அதையும் வைத்தால் எண் கொடுத்தும் பயனில்லை. வேறு அறை, வேறு பூட்டு, திறப்பு இருவரிடம் மட்டும். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளை பற்றிய தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது.

பாரப்படுத்தலின்போது வட்ஸ்அப்பில் எண்ணையும் பெயரையும் ஒரே செய்தியில் அனுப்பக்கூடாது. எண்ணை எழுத்தில் அனுப்பி, பெயரைத் தொலைபேசியில் சொல்லுங்கள், கேட்பவர் எண்ணைத் திருப்பிச் சொல்லட்டும். மாதாந்த அறிக்கையில் ஆள் எண்ணே போகக்கூடாது. "வெருகல், 13 வயது, இரட்டையரில் ஒருவர்" என்று எழுதினால் எண் இல்லாமலே ஆள் தெரியும் என்பதையும் மறக்கவேண்டாம்.

மகவேற்புக் கட்டளை (தத்தெடுப்புக்கான நீதிமன்றக் கட்டளை) கிடைத்த பிள்ளையின் பழைய எண்ணைப் பூட்டிவிடுங்கள். அந்தப் பிள்ளை பிறகு எந்தக் காரணத்துக்காவது வந்தால் புது எண். இரண்டையும் இணைக்கும் குறிப்பு முத்திரையிட்ட உறையில், பெயர் குறித்து நியமிக்கப்பட்ட ஒரு உத்தியோகத்தரிடம். "ஆளுக்கு ஒரு எண்" என்ற விதியை நாமே வேண்டுமென்று மீறும் இடம் இது ஒன்றுதான்.

உப்பாறு:

விளங்கியது. ஒட்டுத்தாள் கிழிந்தாலோ கோவை திறந்தபின் தேவையில்லை என்று தெரிந்தாலோ அந்த எண்ணை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கொட்டியாரம்:

கூடாது. மூன்று ஒட்டையும் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, "வீணானது" என்று எழுதி, காரணமும் திகதியும் போட்டு ஒப்பமிடுங்கள். தாள் முடிய ஐம்பது எண் இருக்கும்போதே மாவட்டத்துக்குச் சொல்லி அடுத்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாள் தீர்ந்த நாளில்தான் உத்தியோகத்தர்கள் தாமாகவே எண் போடத் தொடங்குவார்கள்.