துங்கநாத்துக்கு மேல, பனியில ஒரு தடம்

தனியா பனிமலை ஏறிட்டு வந்தவங்க குளிரைப் பத்தியும் வியூவைப் பத்தியும்தான் நிறைய சொல்வாங்க. எனக்கு அதெல்லாம் பாதி மறந்துபோச்சு, அன்னிக்கு நான் பின்னாடியே போன ஒரு காலடித் தடம் மட்டும் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

உத்தரகாண்ட்ல சோப்தாவுல ஆரம்பிச்சு துங்கநாத் கோயில், அங்கிருந்து சந்திரசிலா உச்சி, சாயங்காலம் திரும்பி சோப்தா. இதான் பிளான். பிப்ரவரி மாசம். சோப்தா சுமார் 2,700 மீட்டர், கோயில் 3,680 மீட்டர், உச்சி ஏறக்குறைய 4,000. தூரம்னு பாத்தா கோயிலுக்கு மூணரை நாலு கிலோமீட்டர், உச்சிக்கு இன்னும் ஒண்ணரை, அவ்வளவுதான். வெள்ளியங்கிரி ஏழு மலையும் நாலஞ்சு தடவை ஏறினவன், இது என்ன பெரிய தூரம்னு நெனச்சேன். ஆனா வெள்ளியங்கிரியில முன்னாடியும் பின்னாடியும் மூங்கில் தடி ஊனிட்டு ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க, வழி தப்பணும்னு நெனச்சாலும் தப்ப முடியாது. இங்க கோயிலே குளிர்காலத்துல கிடையாது. தீபாவளியை ஒட்டி நடை சாத்திட்டு உற்சவரைக் கீழ இருக்குற மக்கூமட் கிராமத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க, ஏப்ரல் மே வரைக்கும் மேல பூஜை இல்ல, அதனால ஏறுறது எங்கள மாதிரி ட்ரெக்கிங் ஆளுங்க மட்டும்தான்.

நான் தங்கின டாபாவுல ஷூவுக்கு அடியில மாட்டுற இரும்புப் பல்லு வாடகைக்கு வாங்கினேன், அங்க எல்லாரும் அதைக் கிராம்பான்னு சொல்றாங்க, கூட ஒரு தடி. காலைல ஏழு மணிக்கு நுழைவு வளைவுல தொங்குற மணிய அடிச்சுட்டு நடக்க ஆரம்பிச்சேன். முதல் ஒரு மணி நேரம் புரான்ஸ் காடு. நம்ம ஊட்டிப் பக்கம் காட்டுப்பூவரசுன்னு சொல்ற மரத்தோட சொந்தம்தான், மார்ச்சுக்கு மேல செக்கச்செவேல்னு பூக்கும், அப்போ மொட்டு மட்டும்தான் இருந்துச்சு. காடு முடியுற இடத்துல ஒரு ஆண் மொனால். மயில் குடும்பத்துப் பறவைதான், கழுத்துல செம்பு, பச்சை, நீலம் எல்லாம் மினுங்குது, வெள்ளைப் பனிய அலகால குத்திக் குத்தித் தோண்டி கிழங்கு தேடிட்டு இருந்துச்சு. பத்து நிமிஷம் அசையாம நின்னு பாத்தேன். அந்த அமைதி எப்படின்னா, பனி சத்தத்தையே குடிச்சுடும், நம்ம மூச்சு மட்டும்தான் கேக்கும்.

கோயில் சேந்தப்ப மணி பத்தரை. கதவு பூட்டி, நந்தி முதுகு வரைக்கும் பனி. கும்பிட்டுட்டு ரெண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டேன். அங்கேயே திரும்பியிருக்கலாம், ஆனா தூரத்துல சௌகம்பா சிகரம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, உச்சியில போய் பாத்தா இன்னும் எப்படி இருக்கும்னு ஆசை.

கோயில் வரைக்கும் கல்லு பாவின பாதை, பனிக்கு அடியில இருந்தாலும் வளைவு வளைவா அது போற போக்கு தெரியும். அதுக்கு மேல அப்படி ஒண்ணும் இல்ல, முன்னாடி போனவங்க தடம்தான் பாதை. பாதி ஏறினதும் மேகம் வந்து மூடிடுச்சு, பதினஞ்சு அடிக்கு அந்தப்பக்கம் வானம் எது பனி எதுன்னே தெரியல. போன் எடுத்து மேப் பாக்கலாம்னா குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு. சரி, தடம் இருக்கே, அதைப் பிடிச்சே போவோம்னு போயிட்டே இருந்தேன். தடம் மெதுவா இடது பக்கம் ஒதுங்குச்சு, நான் அதைக் கவனிக்கல, கால் முட்டி வரைக்கும் பொதியுது, அப்புறம் தொடை வரைக்கும் பொதியுது, அப்பவும் முன்னாடி போனவன் போயிருக்கான்ல நாமளும் போலாம்னு ஒரு நம்பிக்கை.

பின்னாடி இருந்து ஒரு விசில். அப்புறம் இந்தியில ஒரு கத்தல், "அங்கயே நில்லு, அசையாதே!"

ரெண்டு பசங்கள உச்சிக்குக் கூட்டிட்டு வந்த லோக்கல் கைடு, அம்பது வயசுக்கு மேல இருக்கும். பக்கத்துல வரல. வந்த அதே குழியில கால் வெச்சு பின்னாடியே வான்னாரு, நானும் அப்படியே வந்தேன். அப்போ மேகம் ஒரு நிமிஷம் விலகுச்சு, நான் நின்ன இடத்துக்கு ஏழெட்டு அடி முன்னாடி மலை முடிஞ்சுருச்சு. பனி மட்டும் விளிம்பைத் தாண்டி கூரை மாதிரி நீட்டிட்டு நிக்குது, அடியில ஒண்ணுமில்ல. காத்து பனியக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அப்படி ஆகுமாம், மேல நிக்கறவனுக்குத் தரை மாதிரியேதான் தெரியும்.

கை நடுங்கிட்டு இருந்துச்சு. அவரு திட்டவே இல்ல. பிளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் கொடுத்துட்டு, குனிஞ்சு அந்தத் தடத்தைக் காட்டினாரு. "பேட்டா, இது தார் போன வழி." நம்ம வரையாடு மாதிரி அங்க இமாலயன் தார், செங்குத்துப் பாறையிலயே நடக்கும். வெயில்ல தடத்தோட ஓரம் உருகி உருகிப் பெருசாகி ஷூ தடம் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு எப்படித் தெரியும் சாச்சாஜின்னு கேட்டேன். என் தடியால என் தடத்துக்குப் பக்கத்துல தட்டினாரு. பனிக்காலத்துல தடி இல்லாம இங்க யாரும் ஏறமாட்டாங்க, அதனால மனுசன் போன வழின்னா காலுக்குப் பக்கத்துல தடி ஊனின சின்ன வட்டக் குழி இருந்தே தீரும், இதுல பாரு இருக்கான்னாரு. திரும்பிப் பாத்தேன், நான் ஊனின குழியத் தவிர ஒண்ணுகூட இல்ல.

அவங்க மூணு பேரும் உச்சிக்குப் போறதா இருந்தாங்க, என்னையும் கூப்பிட்டாரு. எனக்கு அன்னிக்கு அது போதும்னு தோணுச்சு, கோயில் தெரியற வரைக்கும் கூட வந்து இறக்கிவிட்டுட்டு மறுபடி ஏறினாரு. காசு கொடுத்தேன், வாங்கல.

இறக்கம் ஏத்தத்தை விட மோசம். மத்தியானம் வெயில்ல இளகின பனி மூணு மணிக்கு மேல கண்ணாடி மாதிரி இறுகிடுது, கிராம்பான் இருந்தும் ரெண்டு தடவை வழுக்கினேன். ஒவ்வொரு தடத்துக்குப் பக்கத்துலயும் தடிக் குழி இருக்கான்னு பாத்துப் பாத்துத்தான் கால் வெச்சேன்.

எங்க போறேன், எத்தனை மணிக்கு வருவேன்னு காலைல நான் யாருகிட்டயும் சொல்லிட்டுப் போகல. சோப்தா வந்து சேந்தப்ப மணி நாலே கால். டாபாக்காரர் வாசல்ல நின்னு மேலயே பாத்துட்டு இருந்தாரு, என்னைப் பாத்ததும் ஒண்ணும் பேசாம உள்ள போய் அடுப்ப மூட்டினாரு.